விரல் வழுக்கிய இடம்

அந்த வீட்டில் அளப்பவர்கள் இரண்டு பேர். மருமகள் டேப்பை வைத்து அளப்பாள். மாமனார் வாயை வைத்து அளப்பார். மருமகளின் அளவில் ஒரு நூல் பிசகாது. மாமனாரின் அளவு முழக்கணக்கில் பிசகும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

மருமகளை எல்லோரும் பெட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்பு சமையலறை அலமாரி செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவள். பிறகு டயர்க்கடையை ஒட்டியிருந்த தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, கார்களுக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்ய ஆரம்பித்தாள். அதிலும் சப்வூஃபருக்கு. பாட்டின் அடியில் ஓடும் கனத்த ஒலியை மட்டும் எடுத்துக் கொடுக்கும் பெரிய ஸ்பீக்கர் அது. அதை வெறுமனே காரில் வைத்தால் தண்டம். முன்பக்கம் அது தள்ளுகிற காற்று சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், அங்கே இருக்கிற காற்றோடு சேர்ந்து ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். அதனால்தான் பெட்டி. உள்ளே எவ்வளவு இடம் வேண்டும், பலகை என்ன தடிமன், காற்று வெளியேற ஓட்டை வேண்டுமா வேண்டாமா, வேண்டுமென்றால் என்ன அகலம், என்ன நீளம், இத்தனையும் அவள்தான் முடிவு செய்வாள். ஸ்பீக்கரைக் காசிருக்கிற எவனும் வாங்கிவிடலாம், அதைப் பேச வைப்பது பெட்டிதான் என்பது அவள் கட்சி.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அக்கா, அதிரணும்." அதிரும். அவள் பெட்டி வைத்த கார் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் இருக்கிற பாத்திரங்களுக்குத் தெரிந்துவிடும். ஒருவருடைய காரில் முதல்முறை பாட்டுப் போட்டபோது நம்பர் பிளேட்டே கழன்று விழுந்தது. அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் பெட்டியக்கா முகத்தை ரொம்ப அடக்கமாக வைத்துக்கொள்வாள். ஆனாலும் எப்படியாவது அந்தக் கதை பேச்சுக்கு நடுவே வந்துவிடும்.

மாமனார் சங்கதி வேறு. சிமெண்ட் கிடங்கில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். இளமையில், பாட்டுக்கு அடியில் அந்தக் கனத்த ஒலியைத் தருகிற பேஸ் கிட்டாரை வாசித்தவர். காலையில் செய்தித்தாளோடு மருமகளின் கொட்டகைக்கு வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிடுவார். பெட்டி எடுக்க வருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் அவர்களைப் பிடித்துக்கொள்வார். வெள்ளத்தில் ஆற்றை நீந்திக் கடந்த கதை அவரிடம் ஒன்று உண்டு. அந்த ஆறு வருஷா வருஷம் அகலமாகிக்கொண்டே போனது. கிடங்கில் தனியாளாக லாரியைத் தள்ளிய கதையில் முதலில் காலி லாரி இருந்தது, பிறகு பாதி மூட்டை ஏறியது, இப்போது லாரி நிறைய மூட்டை.

"அடுத்த தடவை டிரைவரையும் உள்ள உக்கார வச்சிடுங்க சார், எடை சரியா இருக்கும்" என்பார் பக்கத்து டயர்க்கடைக்காரர். மாமனார் கோபித்துக்கொள்ளவே மாட்டார். "உக்காந்திருந்தான்யா, சொல்ல மறந்துட்டேன்" என்பார்.

ஆனால் அவரிடம் இன்னொரு கதை இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த, இன்றைக்கும் கல்யாண வீடுகளில் போடுகிற ஒரு பழைய பாட்டு. அந்தப் பாட்டின் ஒலிப்பதிவு நாளில் வழக்கமாக வாசிக்கிறவருக்குக் காய்ச்சல் வந்துவிட, இவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்களாம்.

"ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி ஒரு இடம் வரும். புல்லாங்குழல் நிக்கும், பேஸ் மட்டும் ஓடும். அங்க என் விரல் வழுக்கிடுச்சு. தப்பான சுரத்துல போய் விழுந்துட்டேன். கையை எடுத்தா மானம் போயிடும்னு, அப்படியே தந்தி மேலயே இழுத்துட்டுப் போய் சரியான சுரத்துல சேர்த்துட்டேன். நிறுத்தச் சொல்வாங்கன்னு பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளர் சிரிச்சார். 'அது இருக்கட்டும்'னுட்டார்."

இதை யாரும் நம்பவில்லை. இசைத்தட்டின் அட்டையில் பாடியவர்கள் பெயர் இருந்தது, எழுதியவர் பெயர் இருந்தது, வாசித்தவர்கள் பெயர் இல்லை. ரேடியோவிலும் போனிலும் போட்டுக் கேட்டால் குழல் வந்தது, வயலின் வந்தது, பேஸ் வரவே இல்லை. அவ்வளவு சின்ன ஸ்பீக்கர்களில் அது வராது. மாமியாரும் இதை நம்பியவரில்லை. "ஆமா, இவர் வாசிச்சார். அது இவர் காதுக்கு மட்டும் கேக்கும்" என்பது அவர் வீட்டில் வழக்கமாகப் போடும் போடு. அதற்கும் மாமனார் சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு மற்ற சிரிப்பு மாதிரி இருக்காது என்பதைப் பெட்டியக்கா கவனித்திருந்தாள்.

ஒரு நாள் டயர்க்கடைக்காரர் வசமாகப் பிடித்துக்கொண்டார். கொட்டகையில் நாலு பேர் இருந்தார்கள். மாமனார் கதையில் புல்லாங்குழல் நிற்கிற இடத்துக்கு வந்திருந்தார்.

"சார், இத்தனை நாள் சொல்லிட்டிருக்கீங்க. வீட்டுலயே பெட்டியக்காவை வச்சிருக்கீங்க. ஒரு பெட்டி செஞ்சு, பாட்டைப் போட்டுக் காட்டிடுங்களேன். நாங்களும் அந்த வழுக்கலைக் கேட்டுட்டுப் போறோம்."

மாமனார் மருமகளைப் பார்த்தார். அவள் கையில் இருந்த மின்ரம்பத்தை நிறுத்தினாள்.

"செய்யறேன் அண்ணே. ஞாயித்துக்கிழமை வாங்க" என்றாள்.

வீட்டில் அவள் கணவனுக்கு இது பிடிக்கவில்லை. அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவன், எதையும் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் பார்க்கிற ஆள். பெட்டி அவர்களுடைய பழைய காரில்தான் வைக்கப்பட வேண்டும். பின்பக்கம் மேலே தூக்கித் திறக்கிற கார் அது.

"காரைப் பத்திப் பிரச்சினை இல்ல. அப்பா சொல்றது நிஜமா இருந்தா சந்தோஷம். இல்லன்னா? கேக்காத வரைக்கும் அதைப் பொய்னு யாரும் சொல்ல முடியாது. நீ பெட்டியும் செஞ்சு, நாலு பேரையும் கூப்பிட்டு, அங்க ஒண்ணும் இல்லன்னா அவர் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுப்பார்?"

"இருக்குங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆறு பெருசாகுது, லாரி பெருசாகுது. இந்தக் கதை மட்டும் நான் வந்த நாள்லேருந்து அப்படியே இருக்கு. அதோட, பெருமைக்குக் கதை கட்டறவர் தப்பா வாசிச்சேன்னு ஏங்க கட்டணும்?"

அவன் கார்ச் சாவியை எடுத்து அவள் பக்கம் தள்ளினான்.

பெட்டியக்கா தன் வித்தை முழுவதையும் அதில் இறக்கினாள். காரின் பின்புறத்தை ஏறக்குறைய நிரப்புகிற பெரிய பெட்டி. காற்று வந்துபோக ஒரு நீண்ட வழி வைத்தாள். தொழிலில் இருப்பவர்கள் அதைப் போர்ட் என்பார்கள். ஸ்பீக்கர் முன்னால் அடிக்கிற அதே நேரத்தில் உள்ளே இருக்கிற காற்றும் அந்த வழியாக வெளியே அடிக்கும், ஒலி இரட்டிப்பாகும். நம்பர் பிளேட்டைக் கழற்றிய பெட்டி இந்த வகைதான். முடித்துவிட்டு, கறுப்புத் துணி போர்த்தி, மூலைகளைத் தடவிப் பார்த்தாள். தான் செய்த பெட்டிகளிலேயே இதுதான் உசத்தி என்று அவளுக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை டயர்க்கடைக்காரர் தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாடிக்கைக்காரர்கள் சிலரும் வந்தார்கள். இந்தக் கூத்தையும் பார்த்துவிடலாம் என்று மாமியார் வந்தார். மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் முன் இருக்கையில் உட்கார்ந்தார். கணவன் எங்கிருந்தோ தேடிப்பிடித்து வைத்திருந்த நல்ல பிரதியை அவள் போட்டாள்.

அதிர்ந்தது. டயர்க்கடைக்காரர் கையில் வைத்திருந்த டீயில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. மச்சான் வாயைப் பிளந்தார். பல்லவி போயிற்று, முதல் சரணம் போயிற்று. வயலின்கள் வந்தன, புல்லாங்குழல் வந்தது, நின்றது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

தும், தும், தும், தும் என்றது பெட்டி. வழுக்கலும் இல்லை, இழுப்பும் இல்லை. பாட்டு இரண்டாவது சரணத்துக்குள் போய்விட்டது.

"திருப்பிப் போடும்மா" என்றார் மாமனார். போட்டாள். தும், தும், தும், தும்.

"விரல் எங்க சார் வழுக்குச்சு? வாய்தான் வழுக்கியிருக்கு" என்றார் டயர்க்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட மனிதரில்லை அவர், வழக்கமான கேலிதான். வழக்கம்போல மாமனாரும் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று எதிர்பார்த்துதான் சொன்னார்.

மாமனார் காரை விட்டு இறங்கினார். பெட்டியை ஒரு தரம் தட்டிக்கொடுத்தார். "பெட்டி பிரமாதம்மா. நல்லா அதிருது" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தார். மாமியார் பின்னாலேயே போனார். 

அதற்குப் பிறகு மாமனார் அளப்பதை நிறுத்திவிட்டார். கொட்டகைக்கு வருவதில்லை. சாப்பிடும்போது கேட்டதற்குப் பதில் சொன்னார், கேட்காததற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆற்றைப் பற்றிப் பேச்சு எடுத்துப் பார்த்தான் மகன். "அது ஒண்ணும் பெரிய ஆறு இல்லடா. வாய்க்கால் மாதிரிதான்" என்றார். அதைக் கேட்டு மூன்று பேருக்கும் சோறு இறங்கவில்லை.

பெட்டியக்காவுக்கு முதலில் அவர் மேல்தான் வருத்தம் வந்தது. பொய் சொல்லியிருக்கிறார், அதற்குத் தன்னையும் சாட்சிக்கு இழுத்துவிட்டார் என்று நினைத்தாள். ஆனால் கொட்டகையில் அந்த முக்காலி காலியாகக் கிடந்ததைப் பார்க்கும்போதெல்லாம் கை வேலையில் ஓடவில்லை. ஒரு நாள் காலையில் கொட்டகைக் கதவைக்கூடத் திறக்காமல் காருக்குள் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த வேறொரு பாட்டைப் போட்டாள். அதன் ஆரம்பத்தில் பேஸ் படிப்படியாக மேலே ஏறும். அலமாரிப் பட்டறையில் வேலை செய்த காலத்தில் அதை வாயாலேயே முனகிக்கொண்டிருப்பாள்.

பெட்டியில் அது ஏறவில்லை. இருந்த இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தது. தும், தும், தும், தும். அதே குரல்.

அவள் இன்னொரு பாட்டைப் போட்டாள். இன்னொன்று. எந்தப் பாட்டுப் போட்டாலும் பெட்டி தனக்குப் பிடித்த ஒரு சுரத்தை மட்டும் உரக்கச் சொன்னது. மற்றதையெல்லாம் அதற்குள் போட்டு அமுக்கிவிட்டது. வாசிப்பவன் நிறுத்தின பிறகும் போர்ட் வழியாகக் காற்று இன்னும் கொஞ்சம் முனகிக்கொண்டிருந்தது. அந்த முனகலுக்குள் ஒரு விரல் வழுக்கினால் என்ன தெரியும்? ஆளே வழுக்கி விழுந்தாலும் தெரியாது.

பெட்டியக்காவுக்கு முகம் சுட்டது. ஒன்று மாமா பொய் சொல்லியிருக்க வேண்டும், இல்லை அவள் பெட்டி பொய் சொல்லியிருக்க வேண்டும். அவளுடைய ஆக உசத்தியான பெட்டி. இத்தனை வருஷமாக எல்லோரும் அதிரணும் என்று கேட்டார்கள், அவளும் அதிர வைத்தாள். உள்ளே ஒருவன் என்ன வாசிக்கிறான் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. கொஞ்ச நேரம் அவளுக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. பிறகு தெரிந்தது. இறங்கி நேராக டயர்க்கடைக்குப் போனாள். அங்கே ஆள் இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் பார்க்கவில்லை.

"அண்ணே, அன்னிக்குப் பொய் சொன்னது மாமா இல்ல. என் பெட்டி."

டயர்க்கடைக்காரர் சக்கரத்தைக் கீழே வைத்தார். "என்ன தங்கச்சி இது. மாமனாருக்காக இப்படிப் பேசாத. அந்தப் பெட்டியைக் கேட்டுட்டு என் மச்சானுக்குத் தூக்கமே வரல. ஆர்டர் குடுக்கறேங்கிறான்."

"குடுக்கட்டும். அவருக்கு அதிரணும்னா அதிர வைக்கிறேன். ஆனா வாசிக்கிறவன் விரல் தெரியணும்னா அந்தப் பெட்டி உதவாது. வேற செய்யறேன். செஞ்சதும் நீங்க வரணும்."

"உன் பெட்டி உதவாதுன்னு நீயே சொன்னா தொழில் என்னத்துக்கு ஆகும்?"

"இதை ஒழுங்கா செய்யலன்னா எனக்கு எதுக்குங்க தொழில்?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கடையில் டயர் மாற்ற வந்திருந்த இரண்டு பேர் இதைக் கேட்டார்கள் என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. போகட்டும் என்று விட்டாள்.

இரண்டாவது பெட்டி மூடிய பெட்டி. ஓட்டையே கிடையாது. உள்ளே அடைபட்ட காற்று ஸ்பீக்கரின் கூம்பை ஒரு வில்லைப் போலப் பின்னால் இழுத்துப் பிடிக்கும்; போ என்றால் போகும், நில் என்றால் நிற்கும். சத்தம் குறையும், சொல் தெளியும். இது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. கேட்பாரில்லாததால் செய்யாத விஷயம்.

மிச்சப் பலகை ஒன்றின் மேலேயே பென்சிலால் கணக்குப் போட்டாள். முன்பு செய்ததில் பாதி அளவுகூட வரவில்லை. அதிலிருந்து ஸ்பீக்கரின் காந்தம் உள்ளே அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தாள். குறுக்குச் சட்டம் அடைக்கும் இடத்தைக் கழித்தாள். பெட்டி பெரிதாக இருந்தால் கூம்பு தளர்ந்து ஆடும், சிறிதாக இருந்தால் விறைத்துக்கொள்ளும். இங்கே ஒரு பிடி காற்றுக்குக்கூடக் கணக்கு உண்டு. சுவர் தானே நடுங்கித் தன் பங்குக்கு ஒரு ஒலி போட்டுவிடக் கூடாது என்பதற்காக முன்பலகையை இரட்டையாக ஒட்டினாள். மூட்டுகளுக்கெல்லாம் பசை போட்டு, திருகு முடுக்கி, உள்ளே மூலை மூலையாக சிலிக்கான் பூசினாள். காய்ந்ததும் ஸ்பீக்கரைப் பொருத்திக் கூம்பை உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி விட்டாள். அது அவசரப்படாமல் திரும்பி வர வேண்டும். சட்டென்று வந்தது. எங்கோ காற்று கசிகிறது. ஈர விரலை ஓரங்களில் வைத்துத் தேடி, ஒயர் நுழையும் இடத்தில் குளிர்ச்சியைக் கண்டுபிடித்து அடைத்தாள். மறுபடி அழுத்தினாள். இந்த முறை கூம்பு நிதானமாக எழுந்து வந்தது.

பெட்டிக்குள் பஞ்சு வைத்தால் ஒலி இன்னும் அடங்கும். கொட்டகையில் இருந்த பஞ்சு போதவில்லை. வீட்டுக்கு வந்து பழைய குஷன் ஏதாவது இருக்கிறதா என்று அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தபோது மாமியார் பார்த்துவிட்டார்.

"என்ன தேடற?"

"பஞ்சு, அத்தை. பெட்டிக்குள்ள வைக்கறதுக்கு."

"மறுபடியும் பெட்டியா?"

"முன்னாடி செஞ்சது சரியில்ல. மாமா வாசிச்சது அதுல கேக்கல. இதுல கேக்கும்."

மாமியார் அலமாரிக் கதவைச் சாத்தினார். பிறகு அறைக்குள் போய்த் தன் தலையணையைக் கொண்டுவந்து நீட்டினார். போன மாதம்தான் வாங்கிய தலையணை, உறைகூடக் கசங்கவில்லை.

"ஐயோ, புதுசு அத்தை."

"இருக்கட்டும், எடுத்துட்டுப் போ. அந்த மனுஷன் பேச்சை நிறுத்தினதிலேருந்து எனக்கு எப்படியும் தூக்கம் இல்ல. தலகாணி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

பெட்டியக்கா அதை வாங்கிக்கொண்டாள். கொட்டகைக்குப் போகிற வழியெல்லாம் கட்டிப்பிடித்தபடியே போனாள்.

பெட்டி காரில் ஏறிய அன்று கணவன் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். "முதல்ல நீ மட்டும் ஒரு தடவை கேட்டுப் பாரு. இருந்தா எல்லாரையும் கூப்பிடு. இல்லன்னா சத்தம் காட்டாம விட்டுடுவோம். இந்தத் தடவை இல்லன்னா, பெட்டி மேல பழி போடக்கூட முடியாது."

அவன் சொன்னது நியாயம்தான். அவள் வேறு பாட்டுகளைப் போட்டுப் பார்த்திருந்தாள். பேஸ் ஏறுகிற இடத்தில் ஏறியது, இறங்குகிற இடத்தில் இறங்கியது. அந்தப் பாட்டை மட்டும் தொடவில்லை.

"நான் முதல்ல கேட்டா, அவரைச் சோதிச்ச மாதிரி ஆயிடும்ங்க. நான் அவரை நம்பித்தான் செஞ்சேன். எல்லாரோடயும் சேர்ந்தே கேக்கறேன்."

மாமனார் வர மறுத்தார். மகன் கூப்பிட்டுப் பார்த்தான், மருமகள் கூப்பிட்டுப் பார்த்தாள். "விடும்மா, எல்லாம் பழைய கதை" என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டார். கடைசியில் மாமியார் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"என் தலகாணிய அதுக்குள்ள போட்டிருக்கா. அது என்ன சொல்லுதுன்னு எனக்குக் கேக்கணும். எழுந்திரிங்க."

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலை மறுத்துப் பழக்கமில்லாத மனிதர் எழுந்தார். இஸ்திரி போடாத சட்டையோடுதான் வந்தார்.

மாமனாரும் மாமியாரும் பின் இருக்கையில் உட்கார்ந்தார்கள். கணவன் முன்னால். பெட்டியக்கா ஓட்டுநர் இருக்கையில். டயர்க்கடைக்காரர் ஜன்னலில் முழங்கையை ஊன்றித் தலையை உள்ளே நீட்டினார்; மச்சான் அவருக்குப் பின்னால். எப்போதும் முழுதாகத் திருகி வைக்கும் பேஸ் குமிழைப் பெட்டியக்கா பாதிக்கும் கீழே குறைத்தாள்.  பாட்டைப் போட்டாள்.

"என்ன தங்கச்சி, அதிரவே இல்ல?" என்றார் டயர்க்கடைக்காரர். மச்சான் முகம் தொங்கிப்போயிற்று.

"பேசாம கேளுங்கண்ணே."

அவர்கள் கேட்டார்கள். பாட்டின் அடியில் ஒருவன் நடந்துகொண்டிருந்தான். பாடுகிறவர் ஏறும்போது அவன் இறங்கினான், அவர் மூச்சு விடும் இடத்தில் இவன் இரண்டு எட்டு வைத்தான். எல்லோரும் எத்தனையோ முறை கேட்ட பாட்டு அது. அதற்குள் இப்படி ஒரு ஆள் இருந்தது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. டயர்க்கடைக்காரர் தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினார்.

பெட்டியக்கா கண்ணாடியில் மாமனாரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். இடது கை தொடையின் மேல் இருந்தது. விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. அவை பெட்டிக்குப் பின்னால் போகவில்லை, முன்னால் போய்க்கொண்டிருந்தன. விரல் அழுத்திய பிறகுதான் பெட்டி பேசியது.

முதல் சரணம் முடிந்தது. வயலின்கள் வந்தன. புல்லாங்குழல் வந்தது.  குழல் நின்றது. தொடையின் மேல் மோதிர விரல் வழுக்கிக் கீழே விழுந்து, அங்கிருந்து துணியை இழுத்துக்கொண்டே மேலே போயிற்று. அதன் பின்னாலேயே பெட்டியிலிருந்து தப்பான ஒரு சுரம் விழுந்தது, விழுந்த இடத்திலிருந்து எழுந்து, குழைந்து, மேலேறி, சரியான சுரத்தில் போய் உட்கார்ந்தது.

மாமனார் கண்ணைத் திறக்கவில்லை. பாட்டு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கணவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான்.

"திருப்பிப் போடு" என்றார் டயர்க்கடைக்காரர். போட்டாள். மறுபடியும் அதே இடத்தில், விரல் முன்னே, ஒலி பின்னே. டயர்க்கடைக்காரர் தலையை வெளியே எடுத்து, பின் கதவைத் திறந்து, மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், இத்தனை நாள் என்ன பேச்சுப் பேசிட்டேன் உங்களை" என்றார். மாமனார் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். 

மாமியார்தான் பேசினார். அவர் கண்ணிலிருந்து தாரையாக வழிந்துகொண்டிருந்தது. ஆனால் குரல் எப்போதும் போலவே இருந்தது.

"தப்பாத்தானே வாசிச்சிருக்கீங்க? இத்தனை வருஷமா பெருமை அடிச்சுக்கிட்டது இதுக்கா?"

"ஆமா, இதுக்குத்தான்" என்றார் மாமனார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவரோடு மாமியாரும் சிரித்தார். பிறகு "இன்னொரு தடவை போடும்மா" என்று மருமகளிடம் சொன்னதும் மாமியார்தான்.

மறுநாள் காலை கொட்டகையைத் திறக்கும்போதே மாமனார் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். காரை வாசலிலேயே நிறுத்தச் சொன்னார். பெட்டி எடுக்க வந்தவர், டயர் மாற்ற வந்தவர், வழியோடு போனவர் என்று யாரையும் விடவில்லை. எல்லோரையும் காரில் ஏற்றிப் பாட்டைப் போட்டார். நேற்றைய சங்கதியைத்தான் சொல்லப்போகிறார் என்று பெட்டியக்கா வேலையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். தன் விரல் வழுக்கியதைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.

"இந்தப் பெட்டி இருக்கே, என் மருமக செஞ்சது. பலகை ரெண்டு அங்குலம். உள்ள போன காத்து அவ சொல்லாம வெளிய வராது. மனுஷன் விரல் ரேகைகூடக் கேக்கும் இதுல. இந்த மாதிரி பெட்டி செய்யறதுக்கு நம்ம பக்கத்துல ஆள் கிடையாது."

அடுத்த வாரம் பலகை மூன்று அங்குலமாகியிருந்தது. நம் பக்கத்தில் கிடையாது என்பது போய், உலகத்திலேயே கிடையாது என்றாகியிருந்தது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேச்சு வராமல் நின்றாராம். அப்படி யாரும் வரவில்லை. வந்தவர் டயர்க்கடைக்காரரின் மச்சான்தான். அதிர்கிற பெட்டிக்குச் சொல்லியிருந்த ஆர்டரை மாற்றிவிட்டு, தனக்கும் இதேபோல ஒன்று வேண்டும் என்று கேட்கத்தான் வந்தார்.

புதிதாக வந்த வாடிக்கைக்காரர் ஒருவர் மாமனார் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெட்டியக்காவிடம் மெதுவாக வந்தார். "ஏங்க, நிஜமாவே மூணு அங்குலப் பலகையா? பெரியவர் கொஞ்சம் சேர்த்துச் சொல்றாரோ?"

பெட்டியக்கா டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். முக்காலியில் மாமனார் ஒன்றும் தெரியாதவர் போலச் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.